இன்னிக்கு ஐயா என்ன சொல்றார்?

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், அத்தானுக்கு மட்டும் ஒரு சின்னக் குறை, கீழே எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டிலேயே காலம் தள்ளுகிறாயா?

என்ன திடீரென்று காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். நீ வீடு மாறிய செய்தியை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாயே, அதை ஒரு மாதம் கழித்து நேற்றுத்தான் பார்த்தேன். எனக்கு ஏழு கோடி பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் ஒருவர், செத்துப்போன கணவரின் தங்கத்தை என்னிடம் ஒப்படைக்கத் துடிக்கும் ஒரு சீமாட்டி, வழுக்கைக்கு மருந்து விற்கும் நாலு பேர், இவர்களுக்கு நடுவில் நீ பாவமாக உட்கார்ந்திருந்தாய். போன் பண்ணலாம் என்றால் உன் அலுவலகத்தில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்கிறாய். சாயங்காலம் எடுத்தாலும் "ம்", "சரிக்கா", "அப்புறம்". அதனால் இனிமேல் தபால்தான். தபால்காரர் எனக்கு இதுவரை கோடி ரூபாய் எதுவும் கொண்டுவந்ததில்லை. நம்பலாம்.

கடையில் ஒரு கூத்து. எங்கள் கண்ணாடிக் கடைக் கணினியில் பில் போடும் மென்பொருள் இருக்கிறதல்லவா, முதலாளி அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. யாரோ நகல் எடுத்துக் கொடுத்தது. போன வாரம் திரை சிவப்பாகி அப்படியே பூட்டிக்கொண்டது. யாருக்கு என்ன பவர் என்ற விவரமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து, "உன் தம்பி கம்ப்யூட்டர்லதானே இருக்கான், கேளேன்" என்கிறார். நீ என்னமோ கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருப்பது போல.

இப்போது அந்தக் குறை. பேருந்துக் கழகத்தில் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. அத்தானுக்கு ரத்த அழுத்தம் அதிகமாம். டாக்டர் மாத்திரை கொடுத்து, வீட்டில் ஒரு மிஷின் வாங்கி தினமும் காலை, மாலை அளந்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். அளவு கூடினால் அன்றைக்கு வண்டி எடுக்கக் கூடாது. இணையக் கடையில் நூறு மிஷின் இருக்கிறது. பொருட்களைத் தரம் பார்க்கிற வேலையில்தானே இருக்கிறாய், எதை வாங்கலாம் என்று எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

---

ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது, பிஸ்கட் போகவில்லை. அத்தானை உப்பைக் குறைக்கச் சொல். அவர் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

உன் முதலாளிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நகலுக்குள் என்ன ஒளிந்திருக்கும் என்று நகல் எடுத்தவனுக்கே தெரியாது. புதிதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்கச் சொல். ஆனால் ஒன்று, அவர் புலம்பலிலும் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவன்தான் இருபது இலக்க எண்ணை அடித்து, நான் திருடன் இல்லை என்று மாதாமாதம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. திருடினவன் நிம்மதியாக இருக்கிறான், திரை சிவப்பாகிற நாள் வரைக்கும்.

என் வேலை வழக்கம்போல. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு திரை. சாயங்காலத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

மிஷின் விஷயம் பார்த்துச் சொல்கிறேன். இந்த மாதம் கொஞ்சம் வேலை அதிகம். அவசரப்பட்டு எதையும் வாங்காதே.

அத்தானுக்கு என் அன்பு.
தம்பி

---

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஒருவருக்கும் தலைவலி கூட இல்லை.

மிஷினைப் பற்றி எழுதுவாய் என்று இன்னும் ஒரு வாரம் காத்திருந்தேன். டாக்டர் நோட்டு எங்கே என்று கேட்டுவிட்டார். அதனால் நானே வாங்கிவிட்டேன். போன தடவை இணையத்தில் நாற்காலி உறை வாங்கி, பொம்மை நாற்காலிக்குப் போடுகிற அளவில் வந்து, அத்தான் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு தெருவரைக்கும் போய் மானத்தை வாங்கினாரே, அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. ரிவ்யூ எல்லாவற்றையும் படித்தேன். "சூப்பர்", "நல்ல பொருள்", "சீக்கிரம் வந்தது" என்று ஆளுக்கு ஒரு வார்த்தை. சீக்கிரம் வந்தால் போதுமா? ஒருவர் மட்டும் மனிதர் மாதிரி எழுதியிருந்தார். உனக்காகப் பார்த்து எழுதுகிறேன்:

"எங்கள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். இந்த மிஷின் வந்த பிறகு காலையில் டீ குடிக்கும் முன் தானாகவே கையை நீட்டுகிறார். பட்டை இறுகும்போது கூச்சத்தில் சிரிப்பார். 'இன்னிக்கு ஐயா என்ன சொல்றார்?' என்று மிஷினைக் காட்டிக் கேட்பார். எண்ணைப் பார்க்கவே மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் தலையாட்டினால் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டு வருடமாகத் துல்லியமாக இருக்கிறது."

ஐந்து நட்சத்திரம். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். நம் அம்மாவும் அப்படித்தானே, மின்விசிறி, ரேடியோ, கிரைண்டர் எல்லாம் அவளுக்கு ஐயாதான். "ஐயா இன்னிக்குச் சுத்த மாட்டேங்கிறார்" என்பாளே. உலகத்தில் எங்கேயோ இன்னொரு வீட்டிலும் அப்படி ஒரு அம்மா இருக்கிறாள், அவளுக்கு ஒத்துக்கொண்டது இவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று உடனே வாங்கிவிட்டேன்.

வந்து பத்து நாள் ஆகிறது. ஒரு நாள் கூட 128ஐத் தாண்டவில்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பரிசோதனைக்குப் பிறகு கையை விட்டுப் போயிருந்த தூரப் பாதையையே திரும்பக் கேட்டு வாங்கிவிட்டார்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

---

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. ஒருநாள் எடுத்தாய், பேருந்தில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். பின்னால் பேருந்துச் சத்தமே இல்லை. ஓட்டுநர் பெண்டாட்டிக்கு அது கூடத் தெரியாதா?

முதலாளி கடைசியில் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினார். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அதைச் சொல்லி அழுகிறார். பாவம், அழியாமல் கிடைத்த விவரம் கால்வாசிதான். மீதிப் பேரைக் கூப்பிட்டு மறுபடி கண் பார்க்கிறோம்.

அத்தான் நல்லபடியாக இருக்கிறார். மிஷினில் நேற்று நானும் கை வைத்துப் பார்த்தேன். அவருக்கு 124, எனக்கும் 124. "பொருத்தம்னா இதுதான்டி" என்று ஒரே பெருமை. கொஞ்சம் முகம் சிவந்தாற்போல இருக்கிறார், வெயில்தான்.

என் மேல் எதாவது கோபமா? இருந்தால் திட்டியாவது எழுது.

அக்கா

---

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நீ ஊருக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நல்லபடி போய்ச் சேர்ந்தாய் என்று போனில் சொன்னாய். அத்தான் போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு பரவாயில்லை, வாய் ஒரு பக்கம் லேசாக இழுக்கிறது. இப்படிப்பட்ட பக்கவாதத்தில் உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொல்கிறார்.

நீ இருந்தபோது தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அன்றைக்கு வண்டியில் அவரோடு போன நடத்துநர் நேற்று வீட்டுக்கு வந்தார். பாலம் ஏறும்போதே அத்தான் கண்ணாடியில் இவரைப் பார்த்து ஏதோ சொன்னாராம், புரியவில்லையாம். "அண்ணே, வாயில என்னண்ணே?" என்று இவர் சிரித்திருக்கிறார். பாலம் இறங்கியதும் இடது கையாலேயே வண்டியை ஒடித்து ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்ததாம். ஐம்பத்திரண்டு பேர். கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். சொல்லி முடித்து அந்த மனுஷன் அழுதுவிட்டார்.

டாக்டர் அந்த மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய கருவியில் 190. நம்முடையதில் 126. மேஜை விளிம்பில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், அதற்கும் 121 காட்டியது. "மரத்துக்கும் பிரஷர் நார்மல்மா" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு லென்ஸை மூன்று முறை அளந்து பார்க்காமல் கடையை விட்டு வெளியே அனுப்பாதவள் நான். இதை ஒரு முறை கூட டாக்டரிடம் கொண்டுபோய் ஒத்துப் பார்க்கவில்லை.

நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அந்தக் கடையில் புகார் எழுத உட்கார்ந்தேன். அந்த ரிவ்யூவை மறுபடி படித்தேன். அதே பெயரில் வேறு என்னென்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். ஒரு தையல் மிஷினைப் பற்றி, அம்மா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே "ம்ம்" என்று பதில் சொல்வதாக இருந்தது. ஒரு போர்வையைப் பற்றி, அம்மா குளிரிலும் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள் என்று இருந்தது.

நீ வந்த இரண்டு நாளில் பத்து வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், என் பக்கம் திரும்பவே இல்லை. பாசம் என்று நினைத்தேன்.

அது நீயா?

---

ஏப்ரல் 30

அக்கா,

நான்தான்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தரம் பார்க்கிற வேலை என்று உனக்குச் சொன்னது பொய். பழைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது ஆறு மாதம் சும்மா இருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. பிறகு இது கிடைத்தது. தொட்டுக்கூடப் பார்க்காத பொருளைப் பற்றி, வாங்கியவர்கள் எழுதுவது போல எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது. மற்றவர்கள் "சூப்பர்" என்று எழுதுவார்கள். நான் எழுதியதைத்தான் ஜனங்கள் நம்பினார்கள், ஏனென்றால் நான் அம்மாவை எழுதினேன். ஆபீஸில் எனக்கு "அம்மா ஸ்பெஷல்" என்றே பெயர். "டேய், இந்தக் குக்கருக்கு ஒரு அம்மா போடுடா" என்பார் மேலாளர். நானும் போடுவேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் கிடைத்த அன்றே போனைக் கையில் எடுத்தேன். அந்த மிஷின் வேண்டாம் என்று ஒரே வரி. ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை நல்ல மிஷினாகவே இருக்கலாம், நான்தான் பார்த்ததில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைப் போட்டேன். போட்ட நாலாம் நாள் அத்தான் விழுந்தார்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டு வாசலில் தபால்காரர் அதை என் கையிலேயே கொடுத்தார். "வீட்டுக்காரங்களுக்குக் குடுத்துடுங்க" என்றார். சரி என்று பையில் வைத்துக்கொண்டேன். இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையது.

தம்பி

---

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அந்த மிஷினை இன்றைக்கே ஒதுக்கி வைத்துவிட்டு, அத்தானை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அங்கே அளந்து பார். அதுவரைக்கும் வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல். எப்படித் தெரியும் என்று கேட்காதே. நேரில் சொல்கிறேன். முதலில் அதைச் செய்.

தம்பி

---

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

நீ பதில் எழுதவில்லை, எழுதவேண்டும் என்றும் இல்லை. தபால்காரரிடமிருந்து இது உன் கைக்கு வந்தால் போதும். அத்தான் கையைத் தூக்குகிறாரா?

வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன், தினக்கூலிதான். அந்த மிஷினைப் பற்றி நடந்தது நடந்தபடி எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் நீக்கிவிட்டார்கள், விதிமுறைக்கு ஒத்துவரவில்லையாம். நான் எழுதிய பொய்யெல்லாம் விதிமுறைப்படி அப்படியே இருக்கிறது. நுகர்வோர் புகார் அலுவலகத்தில் என் பெயர், முகவரியோடு எழுதிக் கொடுத்தேன். அந்த ஆபீஸில் என்னென்ன நடக்கிறது என்றும் எழுதினேன். கையெழுத்து வாங்கிய பெண் அலுவலர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுல நீங்களும் மாட்டுவீங்களே தம்பி" என்றார். தெரியும் என்றேன்.

அந்த ரிவ்யூவுக்குக் கீழே நிறையப் பேர் என்னிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். என் அப்பாவுக்கு எழுபது வயது, அவருக்குச் சரிவருமா? கை குண்டாக இருந்தால் பட்டை எட்டுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று பதில் போட்டிருக்கிறேன். அறுபத்து மூன்று பேர். பதிலுக்காக அவர்கள் கொடுத்திருந்த முகவரியில் ஒவ்வொருவருக்கும் உண்மையை மின்னஞ்சலில் எழுதினேன். பதினோரு பேர் பதில் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது பரிசுப் பணத்துக்கும் வழுக்கை மருந்துக்கும் நடுவில் போய் விழுந்திருக்கும். அதனால் ஒரே விஷயத்தை வேறு வேறு தலைப்புப் போட்டு மறுபடி மறுபடி அனுப்புகிறேன். வந்த பதில்களில் இரண்டு பச்சைத் திட்டு. ஒரு பெரியவர் மட்டும், "ரொம்ப நன்றி தம்பி, அப்போ எந்த மிஷின் வாங்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். திட்டே தேவலை.

தம்பி

---

ஜூலை 2

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இது என் இடது கை எழுத்து. கோழி கிளறியது போல இருந்தால் கோழியைத் திட்டாதே. ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. டாக்டர் பயிற்சி என்கிறார், எனக்குத் தண்டனை.

உன் அக்கா கடைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். உன் கடிதங்கள் எல்லாம் அலமாரியில், என் மருந்துப் பெட்டிக்குக் கீழே இருக்கின்றன. மருந்து எடுக்கும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறாள். பிறகு படாரென்று அலமாரியைச் சாத்துகிறாள். கதவு ஆணி தளர்ந்துவிட்டது.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உனக்குள்ளேயே இருக்கட்டும். விழுவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே எனக்குப் பின்மண்டை கனத்தது. ஒருநாள் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. சொன்னால் லீவு போடு என்பாள், தூரப் பாதை போய்விடும். மிஷின் 124 என்றது. எனக்கு வேண்டியதை அது சொன்னது. எனக்குப் பிடித்த மாதிரி பேசுகிறவரிடம் நான் ஏன் சண்டை போடப் போகிறேன்? பாதி உன் பொய், மீதி என் ஆசை. அப்படித்தான் நான் வண்டி எடுத்தேன்.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கையில் கப் நிற்காமல் டீ சட்டையில் கொட்டும்போது உன்னை நன்றாகத் திட்டுகிறேன். திட்டி முடிந்ததும் நீ சாப்பிட்டாயா என்று தோன்றுகிறது. என்ன செய்ய, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து உன்னைப் பார்க்கிறவன்.

கழகத்தில் நேரம் குறிக்கிற மேஜை வேலை தருகிறார்கள். வண்டி போகிறதை, வருகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அக்காவுக்குத் தொடர்ந்து எழுது. பதிலை எதிர்பார்க்காதே, ஆனால் எழுது.

அத்தான்

---

ஜூலை 25

தம்பிக்கு,

அத்தான் தட்டில் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுகிறார். அவர் உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். மேஜை விரிப்பில் எழுத்து பதிந்திருந்தது, நாலு நாள் தலை கனத்தது என்ற வரியும்தான். அவரிடம் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

நீ ஒளித்தது பெரிது. ஐந்து வாரம், தம்பி. ஒரு போன். அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை, முடிந்தது என்று பொய்யாக எழுதவும் மாட்டேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. நீ எழுதியதையெல்லாம் தேடி எடுத்தேன். அம்மா வருகிற இடம் எழுபத்தாறு. கடையில் அச்செடுத்தேன், முதலாளி தாள் வீணாகிறது என்று கத்தினார். அம்மாவின் கடைசி மூன்று வருடம் அவளோடு இருந்தவன் நீதான். நான் கல்யாணமாகி இங்கே. வருடத்துக்கு ஒரு முறை வருவேன், விருந்தாளி மாதிரி கவனித்து அனுப்புவாள். ஊசியையும் போர்வைக் காலையும் விட்டால், இந்தத் தாள்களில் இருக்கிற அம்மாவை நான் பார்த்ததே இல்லை. குக்கர் விசில் அடித்தால் "வர்றேன் இரு" என்று பதில் சொல்கிறாள். மழை வந்தால் உன் செருப்பை முதலில் உள்ளே எடுத்து வைக்கிறாள். கோபத்தோடு படிக்க உட்கார்ந்து, சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இன்னும் கோபப்பட்டு எழுந்திருக்கிறேன்.

இதில் எது நிஜம்? எனக்கு அது தெரிய வேண்டும். கையை நீட்டி உன் முகத்தைப் பார்த்தது நிஜமா?

அக்கா

---

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

அத்தான் தானே சாப்பிடுகிறார் என்ற வரியை நாலு முறை படித்தேன். நான் சுகம்.

எழுபத்தாறில் அறுபதுக்கு மேல் நிஜம். செருப்பு நிஜம். குக்கர் நிஜம். ஊசியும் காலும் உனக்கே தெரியும்.

பிரஷர் மிஷின் நிஜம் இல்லை. நம் வீட்டில் மிஷினே இருந்ததில்லை.

அந்த வருடம் அம்மா அடிக்கடி தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, "பக்கத்து வீட்ல ஒரு ஐயா வந்திருக்காராம்டா, கையில சுத்துனா உள்ள இருக்கறதைச் சொல்லிடுறாராம். நம்மளும் ஒண்ணு வாங்குவமா?" என்றாள். "அடுத்த மாசம் பாப்பம்மா" என்றேன். அடுத்த மாதமும் கேட்டாள். எனக்கு நேரம் இல்லை. மூன்றாவது மாதம் அவள் கேட்கவில்லை. அந்த மாதம்தான் உனக்குப் போன் செய்து அம்மா எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன்.

அந்த மிஷினுக்கு ஒரு அம்மா போடு என்று மேலாளர் சொன்னபோது, மற்றதெல்லாம் ஐந்து நிமிடத்தில் எழுதுகிறவன், அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. வாங்கிக் கொடுத்துவிட்டது போல இருந்தது. நீ அதை நம்பியதில் ஆச்சரியம் இல்லை, எழுதும்போது நானே நம்பினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி

---

ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

சாப்பிட்டாயா?

உன் கடிதத்தைக் கடையில் பின்னறையில் வைத்துப் படித்தேன். லென்ஸ் தேய்க்கிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. தலை சுற்றுகிறது என்று அம்மா எனக்கும் போனில் சொன்னாள். "நல்லாத் தூங்கும்மா, சரியாப்போயிடும்" என்று வைத்துவிட்டேன். அது உன் ஒருவன் தலையில் மட்டும் இருக்க வேண்டாம்.

புகார் அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, அந்த மிஷினோடு விசாரணைக்கு வரச் சொல்லி. நீயும் வர வேண்டியிருக்கும். சேர்ந்தே போகலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. புது மிஷின் வாங்கிவிட்டேன். ரிவ்யூ எதையும் படிக்கவில்லை. டாக்டர் சொன்னதை வாங்கி, அவர் கருவியோடு ஒத்துப் பார்த்துத்தான் கொண்டுவந்தேன். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அளக்க வேண்டும். காலையில் நான் கடைக்குக் கிளம்புகிற அவசரம், மாலையில் வர எட்டு ஆகிவிடுகிறது. அத்தானால் ஒற்றைக் கையால் பட்டையைச் சுற்ற முடியவில்லை. கிடங்கு வேலை இந்த ஊரிலும் கிடைக்கும், கடைக்கு வருகிற ஒரு மருந்து வியாபாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளறையைச் சுத்தம் பண்ணியாகிவிட்டது.

நோட்டு ஜன்னலோரம் இருக்கும், பேனா அதிலேயே செருகியிருக்கும். எண் கூடி வந்தால் குறைத்து எழுதச் சொல்லி அத்தான் கெஞ்சுவார், கதை சொல்லுவார், சிரிக்க வைத்துப் பார்ப்பார். நீ காதில் வாங்காதே. என்ன காட்டுகிறதோ அதை எழுது.

அக்கா